நாணலுக்குத் தலை, உருண்டைக்கு வால்

மலையிலிருந்து குதித்து இறங்கிய காட்டாறு ஒன்று, மூச்சு வாங்க நின்றது போல ஓரிடத்தில் மடுவாகத் தேங்கியிருந்தது. மடுவின் கரையில் ஒரு பெரிய மருதமரம். அதன் வேர்களுக்கு அடியில் ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியிருந்தது.

அப்பா பெயர் மீசையன். அம்மா பெயர் துடுப்பி. இரண்டு குட்டிகள். மூத்தவள் பெண். பிறந்தபோதே கொழுகொழுவென்று இருந்தாள் என்று அவளுக்கு உருண்டை என்று பெயர் வைத்தார்கள். இளையவன் ஆண். ஒல்லியாக, நீளமாக இருந்தான் என்று அவனுக்கு நாணல் என்று பெயர். பெயர் வைத்த அன்றே இரண்டு பேருக்கும் சாப்பாட்டு அளவையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். பாவம், குட்டிகளுக்கு அது அப்போது தெரியாது.

நீர்நாய்கள் மீன் பிடிக்கிற விதமே தனி. குடும்பம் முழுவதும் அரிவாள் போல வளைந்த வரிசையில் நீந்தும். மீன்களை முன்னால் விரட்டிக்கொண்டே போய், ஆழமில்லாத இடத்தில் மடக்கிப் பிடிக்கும். அதற்கு வளைவேட்டை என்று பெயர். பிடித்த மீனையெல்லாம் மடுவின் நடுவிலுள்ள தட்டைப் பாறையில் போட்டு, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தின்பார்கள். அந்த நேரம்தான் வீட்டில் பெரிய கூத்து.

"வாயைத் திற கண்ணு! ஆ... இன்னும் பெரிசா ஆ!" என்பாள் துடுப்பி. கொழுத்த விரால் மீனின் தலையை நாணலின் வாய்க்குள் தள்ளுவாள்.

"போதும்மா."

"என்ன போதும்? ஈர்க்குச்சி மாதிரி இருக்கே! இது அம்மாவுக்கு ஒரு வாய். சமர்த்து! இது அப்பாவுக்கு ஒரு வாய். இது மரத்து மேல இருக்கிற காக்காவுக்கு ஒரு வாய்!"

காக்காவுக்காக நான் ஏன் தின்ன வேண்டும் என்பது நாணலுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. கண்ணில் நீர் முட்ட விழுங்குவான்.

பாறையின் இந்தப் பக்கம் உருண்டைக்கும் அப்பாவுக்கும் வேறு வழக்கு. அவளுக்கு எப்போதும் வால் துண்டுதான். சதை குறைவு, முள் அதிகம். ஒரே வாயில் முடிந்துவிடும்.

"இன்னொரு துண்டு குடுங்கப்பா."

"போதும், எழுந்திரு!"

"பசிக்குதுப்பா."

"அது பசி இல்லை, ஆசை! இப்பவே இப்படித் தின்னா வளைவேட்டையில எப்படி நீந்துவே? மூச்சு வாங்கி நடு ஆத்துல நிப்பே. பொம்பளைப் பிள்ளை வேற. நாளைக்கு வேற துறைக்கு வாழப் போறவ!"

உருண்டை எழுந்துவிடுவாள். அவளுக்கு வந்தது பசிதான். தன் வயிற்றுக்குள் நடப்பது தனக்குத் தெரியாமல் அப்பாவுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்பது அவளுக்கு விளங்காது. எல்லாரோடும் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும், போதும் என்ற சொல்லைத் தானே சொல்லிவிட்டு எழ வேண்டும், அப்புறம் வளைவேட்டைக்குப் போக வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். இந்த வீட்டில் வெண்ணெய் வைத்த கண்ணும் சேர்ந்து எரிந்தது!

பெற்றவர்களுக்குப் பாசம் இல்லையா என்று கேட்காதீர்கள். நிறையவே இருந்தது. மகன் இளைத்துவிடுவானோ என்று அம்மாவுக்குத் தூக்கம் வராது. மகள் கனத்துப்போய் முதலை வாயில் சிக்கிவிடுவாளோ என்று அப்பாவுக்குத் தூக்கம் வராது. போதாததற்குப் பக்கத்துக் கரையில் நாரை அத்தை வேறு. சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் ஒற்றைக் காலில் வந்து நிற்பாள்.

"என்னடி துடுப்பி, பையனுக்குச் சோறு போடறியா இல்லையா? பொண்ணுக்கு மட்டும் மூணு வேளையும் நல்லாப் போடறே போலிருக்கு!"

அவ்வளவுதான். அம்மா பெரிய துண்டாக எடுப்பாள். அப்பா சின்னத் துண்டை இன்னும் சின்னதாக்குவார்.

குட்டிகள் சும்மா இருக்குமா? அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அம்மா ஊட்டியதை நாணல் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொள்வான்.

"மூஞ்சி கழுவிட்டு வரேம்மா" என்று பாறைக்குப் பின்னால் நீந்திப் போவான். அங்கே உருண்டை காத்திருப்பாள்.

"அக்கா, பிடி!"

உருண்டை ஆவலாகத் தின்பாள். வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடுவாள்.

"இன்னும் இருக்குக்கா. தின்னேன்!"

"போதும்டா. நிறைஞ்சிடுச்சு."

"கொடுத்து வெச்சவ! நீ போதும்னா அதோட போதும். நான் போதும்னா அப்பத்தான் ஆரம்பமே" என்று நாணல் பெருமூச்சு விடுவான்.

மிச்சத்தைக் கீழ்க்கரையில் இருந்த ஒரு பழைய உடும்புப் பொந்தில் போட்டு, மேலே ஒரு கல்லை உருட்டி மூடிவிடுவார்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அம்மா ஊட்டுவது மகனுக்கு, போய்ச் சேர்வது மகளுக்கு. மகன் ஒட்டிய வயிறோடு அப்படியே இருந்தான். மகள் பளபளவென்று வளர்ந்தாள்.

"எவ்வளவு ஊட்டினாலும் இவனுக்கு உடம்புல ஒட்ட மாட்டேங்குதே!" என்று துடுப்பி புலம்பினாள்.

"தண்ணி குடிச்சாலே இவளுக்கு உடம்பு போடுதே!" என்று மீசையன் தலையில் கை வைத்தார்.

"யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றாள் நாரை அத்தை, இரண்டு கண்ணாலும் மீனைப் பார்த்துக்கொண்டே.

பெற்றவர்கள் யோசித்தார்கள். ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊட்டியது போதவில்லை, இன்னும் ஊட்ட வேண்டும்! குறைத்தது போதவில்லை, இன்னும் குறைக்க வேண்டும்! தலைத் துண்டோடு வயிற்றுத் துண்டும் நாணலுக்குச் சேர்ந்தது. வால் துண்டில் பாதிதான் உருண்டைக்கு. பாறைக்குப் பின்னால் கைமாறியது இரண்டு மடங்கானது. பொந்தும் நிறைந்துகொண்டே வந்தது.

எத்தனை நாள் இந்தத் திருட்டு நடக்கும்? ஒருநாள் நாணலின் கன்னம் கண்ணுக்குத் தெரிகிற அளவு உப்பியிருந்தது. துடுப்பி பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி! அடக்கி வெச்சுக்கிட்டு அம்மாவை ஏமாத்தறியா?"

அன்றிலிருந்து ஊட்டிய கையோடு மகனின் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கினால்தான் கையை எடுப்பாள். நாணல் விழுங்கினான், குமட்டினான், தின்றதை எல்லாம் ஆற்றிலேயே கக்கினான். அதன் பிறகு மீன் வாசனை அடித்தாலே அவன் முகம் வெளிறிப்போகும்.

உருண்டைக்கோ பாதி வால் துண்டோடு சாப்பாடு முடிந்தது. பகலெல்லாம் மீன் நினைப்பு. கூழாங்கல்லைப் பார்த்தால் கெண்டை மாதிரி தெரிந்தது. மிதந்து வந்த இலைகூட ஆரல் மீனாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அவள் இப்படிச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தவள் இல்லை.

ஒரு காலையில் அம்மாவும் அப்பாவும் வளைவேட்டைக்குக் கிளம்பினார்கள்.

"நானும் வரேன்பா!" என்று உருண்டை ஓடி வந்தாள்.

"உன்னால வேகமா நீந்த முடியாது. வீட்டுல இரு."

"நானும்மா?" என்றான் நாணல்.

"உனக்கு உடம்புல வலு ஏதுடா? படுத்திரு கண்ணு. வந்ததும் ஊட்டறேன்."

ஊட்டறேன் என்றதும் நாணல் வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டான். உருண்டைக்கு அழுகை வந்தது. அழுகையோடு பசியும் வந்தது. அவள் ஒரு முடிவோடு கீழ்க்கரைக்குப் போனாள். பொந்தில் ஏதாவது நல்ல துண்டு மிச்சமிருக்காதா?

தூரத்திலேயே நாற்றம் குப்பென்று அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லைத் தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது.

"வா குட்டி, வா! எவ்வளவு நேரமா உனக்காகக் காத்திருக்கேன் தெரியுமா!"

உருண்டை திரும்பினாள். கல்முதுகன் என்ற முதலை பாதி உடம்போடு கரையில் ஏறியிருந்தது. போன மழையில் கீழாற்றிலிருந்து கரையேறி, காட்டைச் சுற்றி வந்து சேர்ந்த முதலை அது. மீன் நாற்றத்தை மோப்பம் பிடித்து வந்திருந்தது. அதற்கு அந்த நாற்றம் நமக்குப் பாயச வாசனை மாதிரி! இந்தப் பக்கம் ஆறு, நடுவில் முதலை. அந்தப் பக்கம் செங்குத்தான கரை. ஓட வழியே இல்லை.

"பொந்துல இருக்கிற மீனைவிட, அதை ஒளிச்சு வெச்சவ ருசியா இருப்பான்னு நினைச்சேன். உன்னைப் பார்த்தா நினைச்சது சரின்னு படுது!" என்றது முதலை. வாயை மெல்லத் திறந்தது.

 உயிர் போகப் போகிறது என்று தெரிந்தது. தான் போனால் அடுத்தது வளைக்குள் படுத்திருக்கும் தம்பிதான் என்றும் தெரிந்தது. அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் அவளுக்கு அம்மா நினைவு வந்தது. திறந்த வாயைக் கண்டால் அம்மா என்ன செய்வாள்?

"ஐயோ மாமா, வந்ததும் வராததுமா நின்னுக்கிட்டே பேசறீங்களே!" என்றாள் உருண்டை. "முதல்ல உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

முதலை திகைத்துப்போனது. அது பிறந்த நாளிலிருந்து அதைக் கண்டவர்கள் எல்லாரும் அலறித்தான் ஓடியிருக்கிறார்கள். சாப்பிட்டீங்களா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"சா... சாப்பிடலை" என்றது, சற்றுக் குழைந்து.

"அதானே பார்த்தேன்! எப்படி இளைச்சுப்போயிட்டீங்க! முதுகெலும்பெல்லாம் வரிசையா துருத்திக்கிட்டு நிக்குதே!"

"அப்படியா?" முதலை கழுத்தைத் திருப்பித் தன் முள்முதுகைப் பார்த்தது. "ஆமாம், கொஞ்சம் துருத்திக்கிட்டுத்தான் இருக்கு. இதுக்குத்தான் உன்னைத் தின்னலாம்னு..."

"என்னையா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி! வால் துண்டு தின்னு வளர்ந்த உடம்பு மாமா இது. உள்ளே எல்லாம் முள்ளு. முதல்ல விருந்தைச் சாப்பிடுங்க. கடைசியில நான் இருக்கவே இருக்கேன். எங்கே ஓடிடப் போறேன்? என்னால வேகமா நீந்த முடியாதுன்னு எங்கப்பாவே சொல்லுவாரு."

"அதுவும் சரிதான்" என்றது முதலை. மீனும் கிடைக்கும், குட்டியும் கிடைக்கும்! கசக்குமா என்ன? ஆற்றுக்கும் உருண்டைக்கும் குறுக்கே வாகாகப் படுத்துக்கொண்டது.

உருண்டை கரையோரச் சேற்றில் வளர்ந்திருந்த தாமரை இலை ஒன்றைக் கிள்ளி அதன்முன் விரித்தாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"தம்பீ! வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். பரிமாற வாடா!"

நாணல் கரைமேல் ஓடி வந்து கீழே சறுக்கி இறங்கினான். முதலையைப் பார்த்ததும் அப்படியே உறைந்து நின்றான். உருண்டை அவன் காதருகே போய்ச் சொன்னாள்.

"பயப்படாதே. அம்மா உனக்குச் செய்யறதையெல்லாம் அப்படியே இவருக்குச் செய். ஒண்ணு விடாம செய்."

நாணலின் கண் பளிச்சென்று விரிந்தது. மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்த ஒரு வித்தையில் அவனை அடித்துக்கொள்ள அந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது!

உருண்டை பொந்திலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். நாணல் ஊட்ட ஆரம்பித்தான்.

"வாயைத் திறங்க மாமா! ஆ... இன்னும் பெரிசா ஆ!"

முதலை திறந்தது. வாளை, கெளுத்தி, விரால், எல்லாம் வரிசையாக உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் இலை இரண்டு தடவை நிறைந்து காலியாகிவிட்டது.

"பலே ருசி! போதும்" என்றது முதலை.

"என்ன போதும்? இவ்வளவு பெரிய உடம்புக்கு இது எந்த மூலைக்கு? இது உங்க அம்மாவுக்கு ஒரு வாய்!"

"எங்கம்மா செத்துப்போயிட்டாங்களே."

"ஐயோ பாவம்! அப்ப அவங்க நினைப்பா ரெண்டு வாய்!"

முதலையால் மறுக்க முடியவில்லை. அம்மா பேச்சை எடுத்தால் யாரால்தான் மறுக்க முடியும்? கண்ணில் நீர் வர விழுங்கியது. முதலைக் கண்ணீர்தான், ஆனாலும் அன்றைக்கு அது நிஜம்!

"இது மரத்து மேல இருக்கிற காக்காவுக்கு ஒரு வாய்!"

"காக்காவுக்கு நான் ஏன் திங்கணும்?"

"அது எனக்கும் தெரியாது மாமா. ஆனா தின்னுதான் ஆகணும்!"

"வயிறு கனக்குதுடா..."

"கீழாத்து முதலை எவ்வளவு சமர்த்தாத் தின்னுது தெரியுமா? நீங்களும்தான் இருக்கீங்களே!"

"யாரு, அந்தச் சொட்டை வாலனா? அவன் எனக்கு முன்னால எம்மாத்திரம்? போடு!"

"இந்தாங்க. கீழே சிந்தினா சாமி கண்ணைக் குத்திடும். நான் ஆசையா ஊட்டறதைத் துப்பறீங்களே, அப்ப என்மேல பாசமே இல்லையா?"

"இருக்குடா... இருக்கு..."

"இருந்தா முழுங்குங்க! இன்னும் ஒரே ஒரு வாய்!"

அந்த ஒரே ஒரு வாய் பொந்து காலியாகும்வரை வந்துகொண்டே இருந்தது. முதலை வாயை மூடப் பார்த்தபோதெல்லாம் நாணல் அதன் தாடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான்.

இதையெல்லாம் வேறு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டை முடிந்து திரும்பிய மீசையனும் துடுப்பியும்தான். கோரைப்புல் மறைவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாய்ந்தால் முதலை குட்டிகளைக் கவ்விவிடுமே என்ற பயம். துடுப்பியின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. எல்லாம் அவளுடைய சொற்கள். ஒன்றுகூட மாறவில்லை. அந்தச் சொற்களைக் கேட்கக் கேட்க, ஊருக்கே எமனான முதலை கெஞ்சுவதையும் குமட்டுவதையும் அவள் பார்த்தாள்.

வெயில் ஏறியது. அழுகிய மீன் முதலையின் வயிற்றில் வேலையைக் காட்டியது. வயிறு உப்பியது. கால்கள் தரையிலிருந்து எழும்புகிற அளவுக்கு உப்பியது.

"இப்ப... இப்ப நீதான்..." என்று முதலை உருண்டையைப் பார்த்து நகர முயன்றது. நகர முடியவில்லை. புரண்டது. சரிவில் வழுக்கி, மல்லாந்தபடி தொப்பென்று ஆற்றில் விழுந்தது. முங்கப் பார்த்தது. முங்க முடியவில்லை! முதலை முங்கினால்தான் முதலை. மிதந்தால் வெறும் கட்டை.

"அப்பா! அம்மா!" கோரைக்குள் மீசை அசைவதைக் கண்டுவிட்ட உருண்டை கத்தினாள். "வளைஞ்சு வாங்க! வயிறு இறங்குறதுக்குள்ளே தள்ளிடலாம். குதிபாறைக்கு விரட்டலாம்!"

குதிபாறை என்பது மடுவின் கடைசி. அங்கேதான் ஆறு மறுபடி பாதாளத்தில் குதிக்கும். மீசையனுக்கு யோசிக்கவே நேரமில்லை. மகள் சொன்ன பக்கம் நீந்தினார். துடுப்பி மறுபக்கம் வளைந்தாள். நடுவில் உருண்டை. அவள் பக்கத்தில் நாணல். நான்கு பேரும் அரிவாள் போல வளைந்து முதலையை முட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

குதிபாறையின் விளிம்பில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, முதலை இறுகிச் சிக்கிக்கொண்டது. மீசையன் முட்டினார். அசையவில்லை. துடுப்பி முட்டினாள். அசையவில்லை.

"நான் போறேன்!" என்றான் நாணல். வேறெந்த நீர்நாயும் நுழைய முடியாத இடுக்கில் ஒல்லி உடம்பை நுழைத்துப் போய், முதலையின் வாலை நறுக்கென்று கடித்தான். முதலை துள்ளியது. அந்தத் துள்ளலில் பாறைகளின் பிடி தளர்ந்த நேரம் பார்த்து, உருண்டை பின்வாங்கி, தன் முழுக் கனத்தோடும் பாய்ந்து ஒரு முட்டு முட்டினாள். அந்த ஒரே முட்டு போதுமாக இருந்தது.

"போதும்! போதும்!" என்று அலறிக்கொண்டே கல்முதுகன் பாதாளத்தில் குதித்தது. அதன் பிறகு அது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. கீழாற்றில் யாராவது சாப்பிட்டீங்களா என்று கேட்டால் இன்றைக்கும் அலறிக்கொண்டு ஓடுகிறதாம்!

ஜெயித்த குடும்பம் தட்டைப் பாறைக்குத் திரும்பியது. காடே கூடி நின்று ஆரவாரம் செய்தது. குரங்குகள் மருதமரத்தை உலுக்கின. மீன்கொத்திகள் மேலே வட்டமிட்டன. எல்லாருக்கும் நல்ல பசி. கோரைக்குள் விட்டு வந்த மீன்களை மீசையன் கொண்டுவந்து போட்டார்.

துடுப்பி பழக்கத்தில் விரால் தலையை எடுத்தாள். "கண்ணு, இன்னும் ஒரு..." என்று ஆரம்பித்தவள், மகனின் முகம் வெளிறுவதைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஒரு முதலையையே இந்த ஊட்டல் வீழ்த்திடுச்சேடா! இதைத்தானே தினமும் உனக்குச் செஞ்சேன்! நீ எப்படிடா தாங்கினே?"

"நான் எங்கேம்மா தாங்கினேன்? முதல்ல அக்காவுக்குக் கொடுத்தேன், அப்புறம் ஆத்துல கக்கினேன்" என்றான் நாணல்.

அப்படியாக எல்லா உண்மையும் வெளியே வந்தது. கன்னத்தில் அடக்கியது பாறைக்குப் பின்னால் கைமாறியது, பொந்து நிறைந்தது, எல்லாமே.  மகளை ஏறிட்டுப் பார்க்கவே மீசையனுக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் விரால் தலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ எடுத்துக்கோம்மா. இத்தனை நாள் உன்னைப் பசியோட எழுப்பிவிட்டேன். தப்பு என்னோடது."

உருண்டைக்கு அந்த வார்த்தையே பாதி வயிற்றை நிறைத்தது. ஆனாலும் அவள் தலையை வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்குன்னு தராதீங்கப்பா. எல்லாத்தையும் நடுவுல வையுங்க. வேணுங்கறதை நானே எடுத்துக்கறேன். அவனும் எடுத்துக்கட்டும்."

நடுவில் வைத்தார்கள். நாணல் தொடவே இல்லை. துடுப்பியின் கை பரபரத்தது. மீசையன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மீன்களுக்கு அடியிலிருந்து ஒரு நண்டு தப்பிக்கப் பார்த்தது. நாணல் அதை லபக்கென்று பிடித்தான். ஓட்டை உடைத்து, ஒவ்வொரு காலாக உறிஞ்சி, ரசித்து ரசித்துத் தின்றான். இன்னொன்று இருக்கிறதா என்று தேடினான். அவனுக்குப் பிடித்தது நண்டு என்று அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கே தெரிந்தது!

"பையன் இன்னும் ஈர்க்குச்சியாத்தானே இருக்கான். பொண்ணு என்னடான்னா பாறை மாதிரி..." என்று நாரை அத்தை அந்தக் கரையில் ஆரம்பித்தாள்.

"அந்த ஈர்க்குச்சியும் அந்தப் பாறையும் சேர்ந்துதான் இன்னிக்கு முதலையைத் துரத்திச்சு!" என்று துடுப்பி திரும்பிச் சொன்னாள். "என் பிள்ளைங்க வயித்தை அவங்க பார்த்துப்பாங்க. நீங்க உங்க காலடியைப் பாருங்க அத்தை, மீன் நழுவுது!"

நாரை குனிந்து பார்ப்பதற்குள் மீன் போய்விட்டது.

உருண்டை நிதானமாகத் தின்றாள். தலையைத் தின்றாள். நடுத் துண்டைத் தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள். மீசையனின் மீசை துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்தத் துண்டில் பாதியைத் தின்றதும் உருண்டை மீதியைக் கீழே வைத்தாள்.

"போதும்" என்றாள்.

மீசையன் ஆற்றில் வழுக்கி விழப் பார்த்தார். "நிஜமாவே போதுமா? இன்னும் நிறைய இருக்கேம்மா!"

"இருக்குன்னு தெரியுதில்லப்பா. அப்புறம் எதுக்கு அவசரமாத் திணிச்சுக்கணும்? பசிச்சா மறுபடி எடுத்துக்கறேன்."

மீசையன் மகளைப் பெருமையோடு பார்த்தார். "நாளையிலிருந்து வளைவேட்டையில நடு இடம் உனக்குத்தான்" என்றார்.

நல்ல உணவைத் தேடிக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக நடுவில் வைப்பதோடு பெற்றவர் வேலை முடிந்தது. எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியது அந்தந்தப் பிள்ளையின் வயிறுதான்.